வாலறுந்த எலி

மவுஸுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்பது அதைக் கண்டுபிடித்தவருக்கே தெரியாது. டக்ளஸ் எங்கல்பார்ட்டைப் பலரும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை என்றே கடைசிவரை சொல்லிவந்தார். 1964இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டு ஆய்வு நிறுவனத்தில் அவர் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் செய்து முடித்த அந்தச் சாமான் ஒரு சின்ன மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான். வயர் மணிக்கட்டுப் பக்கமாக வெளியே வந்தது, பார்த்தால் வால் மாதிரி. கைக்கு இடைஞ்சல் என்று சீக்கிரமே அதை முன்பக்கம் மாற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1970இல் கிடைத்த காப்புரிமையின் தலைப்பில் எலியும் இல்லை, வாலும் இல்லை. 'திரைக்கான எக்ஸ்-ஒய் நிலைகாட்டி' என்று வறட்டுத்தனமாக ஒரு பெயர்.

ஆக, பெயர் கொடுத்ததே வயர்தான். அதற்கப்புறம் வந்த முப்பது நாற்பது வருடங்களில் இந்தத் துறை அந்த வாலை அறுப்பதற்கே நிறைய மூளையைச் செலவழித்தது. எனக்கு வயர்மேல் தனிப் பிரியமெல்லாம் கிடையாது. ஆனால் அது சும்மா கிடந்து மேசையை அடைத்துக்கொண்டிருந்த சாமானும் இல்லை. மின்சாரத்தைக் கொண்டு வந்தது. இந்தக் கீபோர்டு இந்தக் கணினிக்குத்தான், பக்கத்து மேசைக்கு இல்லை என்று முடிவுபண்ணியது. அடித்த எழுத்தை அடித்த வரிசையிலேயே கொண்டு சேர்த்தது, அதுவும் அடுத்த வீட்டுக்காரன் காதில் விழாமல். இத்தனைக்கும் நாம் தனியாக ஒரு காசு கொடுத்ததில்லை. வயரை வெட்டியவர்கள் இந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. அந்த வேலைகளில் சிலதைச் செய்யாமலே விட்டால் கிடைப்பதுதான் மலிவு விலை வயர்லெஸ் செட்.

இந்தக் கதை கணினிக்கு முன்பே, தொலைக்காட்சியில் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் விற்ற முதல் ரிமோட்டுக்கு வயர் இருந்தது. பெயர் 'லேஸி போன்ஸ்', நம்ம பேச்சில் சொன்னால் சோம்பேறி. வரவேற்பறையில் நடக்கிறவர்கள் அந்த வயரில் கால் தடுக்கி விழுந்தார்கள். சரி என்று 1955இல் வயரை எடுத்துவிட்டு, டார்ச் விளக்கு மாதிரி ஒளியைத் திரையின் மூலையில் அடித்துச் சேனலை மாற்றும் 'ஃபிளாஷ்மேட்டிக்' வந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்தாலும் சேனல் மாறியது. வயர் இருந்தவரை அந்தத் தொலைக்காட்சி ஒருவர் சொல்லைத்தான் கேட்டது. வயர் போனதும் சூரியன் சொல்வதையும் கேட்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த அறுபது வருடக் குறைகளின் சுருக்கம் இதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஐபிஎம் நிறுவனம் அதே பாடத்தை இன்னும் அதிகக் காசு கொடுத்துப் படித்தது. 1983 நவம்பரில் வீட்டுக் கணினி என்று அறிவித்த 'பிசி ஜூனியர்' அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் கீபோர்டோடு வந்தது. நான்கு பேட்டரி போடவேண்டும். விசைகள் சூயிங்கம் துண்டு மாதிரி தனித்தனியாக நின்றன. அதில் யாரும் வேகமாக அடிக்க முடியாது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நடுவில் யாராவது குறுக்கே போனால் எழுத்து போய்விடும். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஓர் அறையில் இரண்டு மூன்று ஜூனியர்கள் இருந்தால், ஒரு பிள்ளை அடித்தது இன்னொரு பிள்ளையின் திரையில் வந்து நிற்கும். இதற்கு ஐபிஎம்மிடம் ஒரு மருந்து இருந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒரு வயர்! அதைச் செருகினால் அகச்சிவப்பு நின்றுவிடும், பேட்டரியும் மிச்சம். 1984இலேயே வாங்கியவர்களுக்கெல்லாம் வேறு கீபோர்டை இலவசமாகக் கொடுத்தார்கள். 1985 மார்ச்சில் ஜூனியர் உற்பத்தியே நின்றுபோனது. அதே 1985இல்தான் ஐபிஎம்மின் 'மாடல் எம்' கீபோர்டு வந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, சுருள் சுருளாக வயர். இன்றைக்கும் அதைத் தேடி வாங்கி, தூசி தட்டி, அதில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அகச்சிவப்புக்கு நேர்ப்பார்வை வேண்டும். வானொலி அலைக்கு வேண்டாம், சுவரையே தாண்டும். லாஜிடெக் 1991இல் வானொலி அலையில் ஓடும் மவுஸை விற்கத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த கீபோர்டுகளும் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒதுங்கின. லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவும் அங்கேதான் குடியிருக்கிறது. கீபோர்டுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு தடங்கள். சாதாரணமாக இரண்டு மீட்டர் எட்டினால் பெரிது என்பார்கள். ஆனால் 2002இல் நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில் ஒருவர் தன் வீட்டில் அடித்த எழுத்துகள் 150 மீட்டர் தள்ளி இருந்த இன்னொரு வீட்டின் கணினியில் வந்து விழுந்தன. ஒரே அறையில் இரண்டு மூன்று ஜூனியர் இருந்தபோது நடந்த அதே கூத்து, இப்போது இரண்டு தெருவுக்கு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். தமிழ் அடிக்கிறவனுக்கு இதில் ஒரு தனி வினை இருக்கிறது.

நம் பகுதிக்கும் தமிழ்க் கீபோர்டுக்கும் உள்ள உறவை நான் பெரிதாக விளக்கவேண்டியதில்லை. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாட்டில் சூடுபிடித்த பேச்சுகள், 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் போய் நின்றன. அந்த அமைப்பின் அழகே சிக்கனம்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். க, ட, ஐ என்று தட்டினால் கடை. க, ட, ட, ஐ என்று தட்டினால் கட்டை. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரே ஒரு தட்டுதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் ஒரு தட்டு தொலைந்தால் பெரும்பாலும் குப்பை வரும், கீழே சிவப்புக் கோடு விழும், திருத்திவிடலாம். தமிழ்99இல் ஒரு தட்டு தொலைந்தால் பல சமயம் இன்னொரு நல்ல தமிழ்ச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டு எடு ஆகும், குட்டி குடி ஆகும், பச்சை பசை ஆகும். மாறாக, ஒரு தட்டு இரண்டாகப் பதிந்தால் பாடு பாட்டாகிவிடும். எந்தப் பிழைதிருத்தி மென்பொருளும் வாய் திறக்காது.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் நினைவுகளை ஒலிப்பதிவிலிருந்து கேட்டு எழுத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பழைய கீபோர்டு கெட்டுப்போனதால் அவசரத்துக்கு 39 வெள்ளிக்கு ஒரு வயர்லெஸ் செட். கடைக்காரரிடம் வயர் உள்ளது இருக்கிறதா என்று கேட்டதற்கு, “இப்ப யாரு தம்பி வயரெல்லாம் வாங்குறா? ஸ்டாக்கே எடுக்கறதில்ல” என்றார். பெரியவர் பேச்சில் வரிக்கு வரி கட்டை வரும். நம்மூர்த் தமிழில் மைல்கல்லுக்குக் கட்டை என்றுதான் பெயர். (மலாயில் 'பத்து', கல் என்று அர்த்தம். பத்தாம் எண்ணோடு குழப்பிக்கொண்டு வழி தவறியவர்கள் கதை தனி.) மூணாங் கட்டையில் இறங்கி ஏழாங் கட்டை வரைக்கும் நடந்தோம் என்கிறார். திரையில் பார்த்தால், மூணாங் கடையில் இறங்கி ஏழாங் கட்டை வரைக்கும் நடந்தோம் என்று நிற்கிறது. ட இரண்டு முறை தட்டியது என் விரலுக்குத் தெரியும். ஒன்றுதான் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் எப்போதும் அல்ல, சிலசமயம் மட்டும். எப்போதும் தவறினால் குப்பையில் போட்டுவிடலாம். சிலசமயம் மட்டும் தவறுகிறவனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

படித்துப் பார்த்த நண்பனுக்கு அது உறுத்தவே இல்லை. நகரத்தில் வளர்ந்தவன். தோட்டத்தில் வரிசையாக மூன்று கடை இருந்திருக்கும், மூன்றாவது கடை வாசலில் பஸ் நிற்கும் என்று நினைத்துக்கொண்டானாம். அந்தத் தோட்டமும் இன்று இல்லை, மைல்கல்லும் இல்லை. அந்தப் பெரியவரின் வாயில் மட்டும் இருந்த ஓர் இடத்தின் பெயரை ஒரு மலிவு பிளாஸ்டிக் பலகை நைசாக மாற்றி எழுதப் பார்த்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். அன்றிலிருந்து ஒலிப்பதிவு ஒருபுறம், திரை ஒருபுறம் என்று ஒவ்வொரு இரட்டை எழுத்தையும் கண்ணால் எண்ணிக்கொண்டு அடித்தேன். வேலை இரண்டு மடங்கானது.

ஏன் இப்படி நடக்கிறது என்று தேடப்போனால் இன்னொரு சின்ன வரலாறு. 27 மெகாஹெர்ட்ஸை விட்டு எல்லோரும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினார்கள். வேகம் அதிகம், தடங்கள் நிறைய, ஆன்டெனா சின்னதாக இருந்தால் போதும். முக்கியமாக, உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாத இடம் என்றால் பாசார் மாலாம் மாதிரிதான். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேயே கடை விரித்திருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள் கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், எத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு எழுத்து தொலைந்தால் கீபோர்டு மறுபடி அனுப்பவேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று பதில் கேட்கவேண்டும். நல்ல சாமான் இதைப் பொறுமையாகச் செய்யும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அரைத்தூக்கத்திலேயே இருக்கிற மலிவுச் சாமான் ஒன்றிரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும். விசையை அழுத்தியது போய்ச் சேர்ந்து, விரலை எடுத்தது மட்டும் போய்ச் சேராவிட்டால் இன்னும் வேடிக்கை. விரல் இன்னும் விசைமேலே இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு டடடடட என்று ஓடும்.

எதிரி வெளியில் மட்டும் இல்லை. 2012இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. புதிதாக வந்த யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகும் சாமான்களும் கிளப்பும் மின் இரைச்சல் சரியாக அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. பக்கத்தில் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் இருந்தால் அதன் காது அடைத்துப்போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் மவுஸ் நொண்டுவதற்குக் காரணம் பலநேரம் இதுதான். இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கைவைத்தியம் என்ன தெரியுமா? ஒரு நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை அதன் முனையில் மாட்டி, கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைப்பது. நானும் 8 வெள்ளி கொடுத்து வாங்கினேன், உண்மையிலேயே கொஞ்சம் சரியானது. 1984இல் ஐபிஎம் தனியாக விற்ற அந்த வயர்தான் கண்முன் வந்தது.

வயர் உள்ளதெல்லாம் உத்தமம் என்று சொல்லவரவில்லை. மலிவான வயர் மவுஸுக்குக் கழுத்தில்தான் கண்டம். வயர் உடம்புக்குள் நுழைகிற இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். ஆனால் அது அறுந்தால் அறுந்தது என்று தெரியும். ஆட்டிப் பார்த்தால் புரிந்துவிடும், முடிந்தால் வெட்டி ஒட்டலாம். அதே மாதிரி, நல்ல விலை கொடுத்தால் வயரோடு போட்டி போடும் வயர்லெஸ் கிடைக்கிறது. பந்தயத்துக்கு கேம் ஆடுகிறவர்களே இன்று அதை எடுத்துப் போகிறார்கள். வயர் சும்மா செய்துகொண்டிருந்ததைக் காற்றில் திரும்பச் செய்து முடித்துவிட்டார்கள், அதற்கான விலையையும் போட்டுவிட்டார்கள். ஆகவே வசதி இருக்கிறவனுக்கு இது பழைய பிரச்சினை. மாணவனுக்கும், சின்ன அலுவலகக் குமாஸ்தாவுக்கும், என் மாதிரி மாசக் கடைசியில் கீபோர்டு கெட்டுப்போகிறவனுக்கும் 1984 இன்னும் முடியவில்லை.

எழுத்து தொலைவதாவது கண்ணில் படும். எழுத்து கசிவது தெரியாது. 2007இல் சுவிட்சர்லாந்தின் டிரீம்லாப் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பேர், மைக்ரோசாஃப்டின் 27 மெகாஹெர்ட்ஸ் கீபோர்டு சிலவற்றைக் காற்றிலேயே ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். பூட்டு இருந்தது, ஆனால் மொத்தம் 256 சாவிகளில் ஒன்றுதான் அதைத் திறக்கவேண்டும். 256ஐயும் போட்டுப் பார்க்கக் கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம் போதும். 2016 பிப்ரவரியில் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம், மவுஸின் டாங்கிள் வழியாகவே யாரோ ஒருவர் தூரத்திலிருந்து உங்கள் கணினியில் எழுத்து அடிக்க முடியும் என்று காட்டியது. மவுஸ் நகர்வதில் என்ன ரகசியம் என்று பல நிறுவனங்கள் அதற்குப் பூட்டே போடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அவர்களே 12 நிறுவனங்களின் வயர்லெஸ் கீபோர்டுகளைச் சோதித்தார்கள். 8 நிறுவனங்களின் மலிவு ரகங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் எந்த மறைப்பும் இல்லாமல், வெறும் எழுத்தாகவே காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. எழுபது மீட்டருக்கு மேல் தள்ளி நின்று படிக்கலாம். கடவுச்சொல், காதல் கடிதம், வங்கி எண் எல்லாம். மென்பொருள் அனுப்பிச் சரிசெய்யலாம் என்றால் அந்தக் கீபோர்டுகளுக்கு அந்த வசதியே வைக்கப்படவில்லை. வயர் உள்ளதற்கு மாறுங்கள், அல்லது புளூடூத்துக்கு மாறுங்கள் என்பதுதான் கிடைத்த பரிகாரம்.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். பத்து மீட்டர் எட்டும் என்று போட்டிருக்கும். பேட்டரி எத்தனை மாதம் வரும் என்று போட்டிருக்கும். நாலு கலரில் கிடைக்கும் என்றும் போட்டிருக்கும். அடித்ததைப் பூட்டி அனுப்புமா, திறந்து அனுப்புமா என்பதைப் பற்றி 40 வெள்ளிக்குக் கீழே உள்ள ஒரு பெட்டியிலும் இதுவரை ஒரு வரி பார்க்கவில்லை. கேட்டால் கடைக்காரர், “வேலை செய்யும் தம்பி, கேரண்டி இருக்கு, ஒரு வாரம்” என்கிறார்.