பேசிய பெட்டியின் மௌனம்

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவனவற்றையே எழுதுகிறார்கள். திரை எப்போது வந்தது, சுட்டெலி எப்போது வந்தது, நினைவகம் எவ்வாறு பெருகியது என்பதற்கெல்லாம் பக்கங்கள் உண்டு. பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய ஒலிபெருக்கிக்கு அடிக்குறிப்பில்கூட இடம் கிடைப்பது அரிது. ஆனால் பழைய கணிப்பொறியொன்றை மீண்டும் இயங்கச் செய்ய முனைகிறவர்களைத் திகைக்க வைப்பது பலவேளைகளில் இந்த ஒலிபெருக்கிதான். திரை ஒளிர்கிறது, வட்டு சுழல்கிறது, ஓசை மட்டும் இல்லை. அந்த மௌனத்தின் காரணத்தைத் தேடிப் போனால், நாம் எதிர்பாராத ஒரு வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

கணிப்பொறிக்கு ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது இசைக்காக அன்று. 1951 பிப்ரவரியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்த ஃபெராண்டி மார்க் 1 இயந்திரத்தில் 'ஹூட்டர்' என்றொரு ஒலிக்கருவி இருந்தது. ஒரு குறிப்பிட்ட கட்டளைக்கு அது ஒரு சிறு 'டொக்' ஓசை எழுப்பும். அதே கட்டளையை வேகமாகத் திரும்பத் திரும்ப இட்டால், தனித்தனி ஓசைகள் ஒன்றுகூடிச் சுரமாகும். கணக்கு முடிந்தது என்பதை இயக்குநருக்கு அறிவிப்பது போன்ற வேலைகளுக்கே அது அமைந்திருந்தது. அவ்வியந்திரத்துக்கான கையேட்டை எழுதிய ஆலன் டூரிங் இதை அதில் விளக்கியிருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அந்தக் கட்டளையைக் கொண்டே இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணை வாசிக்கச் செய்தார்.

அதே ஆண்டு பி.பி.சி. நிறுவனம் அந்த இயந்திரத்தின் இசையைத் தட்டில் பதிவு செய்தது. 2016இல் நியூசிலாந்தின் ஜாக் கோப்லண்டும் ஜேசன் லாங்கும் அப்பதிவை ஆராய்ந்தபோது, அந்த இயந்திரத்தால் எழுப்பவே முடியாத சுரங்கள் அதில் ஒலிப்பதைக் கண்டார்கள். பதிவின் வேகம் பிழையாக இருந்ததே காரணம். எந்தச் சுரங்களை அது எழுப்ப முடியும் என்னும் கணக்கிலிருந்து வேகத்தைத் திருத்தி, உண்மையான ஒலியை மீட்டார்கள். அங்கே இயந்திரம் மறைந்து ஒலி எஞ்சியது. நாம் இனிப் பேசப்போவது, இயந்திரம் எஞ்சி ஒலி மறைந்த கதை.

1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ், மேடையில் பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, தன்னைத் தானே பேசி அறிமுகம் செய்துகொண்டது. அதன் ஒலியமைப்பு சிக்கனத்தின் உச்சம் எனலாம். திரையில் ஒரு கோடு வரையப்பட்டு அடுத்த கோடு தொடங்குமுன் கிடைக்கும் கண இடைவெளியில், நினைவகத்திலிருந்து ஒரு பைட் ஒலி எடுக்கப்படும். ஒரு சட்டகத்துக்கு 370 இடைவெளிகள், நொடிக்கு ஏறத்தாழ 60 சட்டகங்கள். ஆக நொடிக்குச் சுமார் 22,000 ஒலித்துணுக்குகள். அக்குடும்பத்தில் 1989இல் வந்த எஸ்.இ./30 என்னும் சிறிய பெட்டிக்கு ஒலிக்கெனத் தனிச் சில்லே இருந்தது. பழம்பொருள் ஆர்வலர்கள் இன்று பெரிதும் விரும்பித் தேடும் பெட்டி அது. ஊமையாகிப் போனதற்குப் பெயர்பெற்ற பெட்டியும் அதுவே.

காரணம், மதர்போர்டின் மேல் ஒட்டியுள்ள சின்னஞ்சிறு அலுமினிய மின்தேக்கிகள். அவற்றுள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது அடைப்பை மீறிக் கசிகிறது. ஒலிப்பாதையில் நிற்கும் மின்தேக்கியின் கடமை, நேர்மின்சாரத்தைத் தடுத்து, அலையாக வரும் ஒலியை மட்டும் அனுப்புவது. திரவம் வற்ற வற்ற அதன் கொள்ளளவு குறைகிறது. ஒலி முதலில் மெலிகிறது, பின்னர் காதை வைத்துக் கேட்டால் மட்டுமே கேட்கிறது, கடைசியில் அடங்கிவிடுகிறது.

பழுதைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மென்பொருள். ஒலியளவு சுழியத்தில் வைக்கப்பட்டிருந்தால், எச்சரிக்கை ஓசைக்குப் பதிலாகத் திரையின் மேற்பட்டை மினுக்கும். அடுத்து, பின்புறத் துளையில் ஹெட்போனைச் செருகிப் பார்க்கவேண்டும். அதில் ஒலி தெளிவாகக் கேட்டால், குற்றம் உள்ளிருக்கும் ஒலிபெருக்கியிலோ, அதன் கம்பியிலோ, செருகும்போது உள்ஒலியைத் துண்டிக்கும் தொடர்பிலோ இருக்கும். இரண்டிலும் மெலிந்த ஒலியே வந்தால் மின்தேக்கிகளை ஐயுறலாம். பெட்டியைத் திறப்பவர் படக்குழாயில் தங்கியிருக்கக்கூடிய உயர்மின்னழுத்தத்தை மறக்கலாகாது.

பழைய மின்தேக்கியைச் சூடாக்கிப் பெயர்க்கும்போது மீன்வாடை எழுமானால், திரவம் கசிந்திருக்கிறது என்று பொருள். புதியன பொருத்திய பின்னும் மௌனம் தொடர்வதுண்டு. கசிந்த திரவம் அருகிலுள்ள செப்புத்தடங்களையும் ஒலிச்சில்லுகளின் கால்களையும் அரித்திருக்கும். போர்டை முறையாகக் கழுவி, மல்டிமீட்டரால் ஒவ்வொரு தடமாகத் தொடர்பு பார்த்து, அறுந்த இடத்தை மெல்லிய கம்பியால் இணைக்கவேண்டியிருக்கும். பொறுமையைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒரு சிறிய ஓசைக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். இவ்வியந்திரம் விழித்ததும் முதலில் தருவது படமன்று, ஒரு மணியோசை. உள்ளுறுப்பு பழுதானால் வேறொரு துயரச் சுரவரிசையை எழுப்பும். ஒலியிழந்த பெட்டி, தன் நோயைச் சொல்லும் வாயையும் இழந்துவிடுகிறது.

இதைவிட ஆழமான கேள்வியும் உண்டு. பழைய உறுப்புகளை அகற்றி வேறுவகை மின்தேக்கிகளைப் பொருத்தியபின் கேட்பது, 1989இன் ஒலிதானா? உறுப்பைத் தொடாமல் ஊமையாகவே காப்பதுதான் நேர்மை என்பாரும் உளர். ஆனால் இங்கே தொடாமல் விடுவது காப்பதாகாது. கசிவு நிற்பதில்லை, ஆண்டுதோறும் இன்னும் சில தடங்களைத் தின்கிறது. நரம்பு மாற்றிய வீணையை நாம் வேறு வீணை என்பதில்லை. எனினும் மாற்றியவற்றைக் குறித்துவைப்பதும், கழற்றியவற்றைப் பத்திரப்படுத்துவதும், மீண்ட ஒலியைப் பதிவுசெய்வதும் நம் கடமை. மான்செஸ்டரின் தட்டில் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது, அந்த இயந்திரத்தைப் பற்றி ஒருவர் முறையாக எழுதிவைத்துச் சென்றதனால்தான்.