கரை தந்த அனுமதி: பெருந்தொற்றுக்குப் பின் சொகுசுக் கப்பல்கள்

2020 மார்ச் 13 அன்று, அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணங்களை 30 நாட்களுக்கு நிறுத்திவைப்பதாகச் சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் அறிவித்தது. மறுநாளே, சிடிசி எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்கள் புறப்படக் கூடாது என்று சட்டபூர்வமாகவே தடை விதித்தது. முப்பது நாள் என்று தொடங்கிய அந்த நிறுத்தம் அமெரிக்காவில் பதினைந்து மாதங்களும் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டுகளும் நீடித்தது. ஜப்பான் வெளிநாட்டுக் கப்பல்களை மறுபடி சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 2019இல் உலகெங்கும் 2 கோடியே 97 லட்சம் பேரை ஏற்றிச் சென்ற தொழில் இது. கப்பல்கள் எப்போது மறுபடி ஓடும் என்ற கேள்விக்கு நிறுவனங்களால் விடை சொல்ல முடியவில்லை. எந்தத் துறைமுகம், எந்த நிபந்தனையில், யாரைச் சேர்த்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு பயணமும் அமைந்தது.

1892: முன்னோடி நெருக்கடி

இத்தொழிலின் தொடக்கத்திலேயே இதே சிக்கல் எழுந்தது. ஜெர்மனியின் ஹம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் பயணிகள் பிரிவை நடத்திவந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லான்டிக் பயணிகள் குறைந்து பெரிய கப்பல்கள் சும்மா நிற்பதைக் கண்டு, 1891 ஜனவரியில் ‘ஆகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். குக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து 241 பயணிகளுடன் புறப்பட்ட அந்தப் பயணம் இன்றைய சொகுசுக் கப்பல் தொழிலின் முன்னோடிகளில் ஒன்று.

அடுத்த ஆண்டே ஹம்பர்க் நகரில் காலரா பரவியது. அதே நிறுவனத்தின் ‘மொரேவியா’ கப்பல் 1892 ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க் வந்தபோது வழியிலேயே 22 பேர் இறந்திருந்தனர். செப்டம்பர் 1 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசன், குடியேறிகளை ஏற்றிவரும் கப்பல்கள் 20 நாள் தனித்து நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நாளொன்றுக்கு இவ்வளவு என்று செலவு ஏறும் கப்பலை 20 நாள் நிறுத்திவைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. உத்தரவு நடைமுறையில் குடியேறிகளின் வரவையே நிறுத்தியது. ‘நார்மானியா’ கப்பலின் மேல்வகுப்புப் பயணிகளைத் தங்கவைக்க நியூயார்க் மாநில அரசு ஃபயர் ஐலண்டில் ஒரு ஓட்டலையே விலைக்கு வாங்கியது. ஆனால் உள்ளூர் மக்கள் கரையில் திரண்டு அவர்களை இறங்கவிடவில்லை. மாநிலப் படை வரவழைக்கப்பட்ட பிறகே பயணிகள் இறங்கினர். கரையில் இருப்போர் மறுத்தால் கப்பலுக்குப் போக்கிடம் இல்லை என்பதை அந்த நாட்கள் காட்டின. 128 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே உலக அளவில் நிகழ்ந்தது.

துறைமுகங்கள் மூடிய விதம்

‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டது. ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குக் கொரோனா தொற்று இருப்பது பிப்ரவரி 1 அன்று உறுதியானது. பிப்ரவரி 3 அன்று யோகோஹாமா திரும்பிய கப்பலில் 3,711 பேர் இருந்தனர். பயணிகள் அறைகளுக்குள் அடைக்கப்பட்டனர். சன்னல் இல்லாத உள்அறைகளில் இருந்தவர்களை முறைவைத்துச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்கவிட்டனர். ஆனால் பயணிகளுக்கான இந்த ஏற்பாடு ஊழியர்களுக்கு இல்லை. அவர்கள் கதவுக்குக் கதவு மூன்று வேளையும் உணவு கொண்டுபோய்க் கொடுத்தனர், ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கினர், ஒன்றாகவே சாப்பிட்டனர். மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானத்தில் 119 இந்தியர்கள் டெல்லி வந்து சேர்ந்தனர்.

‘வெஸ்டர்டாம்’ கப்பலில் அப்போது தொற்று உறுதியான ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்கள் அதைத் திருப்பி அனுப்பின. பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகம் ஏற்றுக்கொண்டது. மார்ச் 7 அன்று புவனோஸ் ஐரிஸிலிருந்து கிளம்பிய ‘ஸான்டாம்’ கப்பலைத் தென் அமெரிக்கத் துறைமுகங்கள் எதுவும் சேர்க்கவில்லை. கப்பலில் நால்வர் இறந்தனர். அது பனாமா கால்வாயைக் கடந்து ஏப்ரல் 2 அன்றுதான் ஃபுளோரிடாவில் கரை சேர்ந்தது.

சிட்னியில் நடந்தது இதற்கு எதிர்மாறு. மார்ச் 19 அன்று ‘ரூபி பிரின்சஸ்’ கப்பலிலிருந்து சுமார் 2,650 பயணிகள், பரிசோதனை முடிவுகள் வரும் முன்பே இறங்கிப் போக அனுமதிக்கப்பட்டனர். அந்தக் கப்பலோடு தொடர்புடைய மரணங்கள் 28. நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த விசாரணை ஆணையம், மாநிலச் சுகாதாரத் துறை பெரும் தவறு செய்தது என்று ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதன் பிறகு, ஒரு கப்பலை அனுமதித்துப் பழி சுமப்பதைவிட மறுத்துவிடுவதே மேல் என்ற எண்ணம் துறைமுகங்களில் வலுத்தது.

யாருடைய கப்பல்?

உலகின் மூன்று பெரும் நிறுவனங்களான கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் ஆகியவை மயாமியில் தலைமையகம் வைத்திருந்தாலும் அப்போது முறையே பனாமா, லைபீரியா, பெர்முடா ஆகிய இடங்களில் பதிவாகியிருந்தன. கப்பல்கள் பறக்கவிடும் கொடி பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளுடையது. ஊழியர்களில் பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். வரியும் கூலியும் குறைய உதவிய இந்த ஏற்பாடு, நெருக்கடி வந்தபோது எந்த நாடும் கப்பலை முழுமையாகத் தன்னுடையது என்று ஏற்காத நிலையை உண்டாக்கியது. நிறுவனங்களுக்கென அமெரிக்கா 2020 மார்ச்சில் ஒதுக்கிய 50,000 கோடி டாலர் உதவி, அந்நாட்டில் பதிவு பெறாத இம்மூன்றுக்கும் கிடைக்கவில்லை. கார்னிவல் ஏப்ரலில் 11.5 சதவீத வட்டிக்கு 400 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்த நிதியாண்டில் அதன் நட்டம் 1,020 கோடி டாலர்.

பயணிகள் இறங்கிய பிறகும் ஊழியர்கள் கடலிலேயே இருந்தனர். ஏப்ரல் நடுவில் அமெரிக்கக் கரைகளை ஒட்டி ஏறத்தாழ 100 கப்பல்களில் 80,000 ஊழியர்கள் இருப்பதாகச் சிடிசி கணக்கிட்டது. அவர்களைச் சாதாரண விமானங்களில் ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையால், நிறுவனங்கள் பயணிகள் கப்பல்களிலேயே ஊழியர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கின. மே மாதம் மணிலா விரிகுடாவில் பரிசோதனை முடிவுக்காக இருபது கப்பல்கள்வரை நங்கூரமிட்டுக் காத்திருந்தன. இந்தியாவில் ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, ‘மரெல்லா டிஸ்கவரி’ கப்பலில் இருந்த சுமார் 145 இந்திய ஊழியர்கள், மத்திய அரசு தனி விதிமுறை வெளியிட்ட பிறகு ஏப்ரல் 23 அன்று மும்பையில் இறங்கினர்.

நிறுத்திவைக்கப்பட்ட கப்பலைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. மின்னாக்கி ஓட வேண்டும். ஈரம் ஏறாமலிருக்கக் குளிர்சாதனம் இயங்க வேண்டும். குழாய்களில் தண்ணீர் தேங்கினால் லீஜியனல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமி வளரும் என்பதால், எஞ்சியிருந்த சிறு குழு ஆயிரக்கணக்கான அறைகளில் குழாய்களையும் கழிப்பறைகளையும் முறைவைத்துத் திறந்து ஓடவிட்டது. இந்தச் செலவைத் தாங்காத பழைய கப்பல்கள் உடைப்புத் தளங்களுக்குப் போயின. கார்னிவலின் ‘ஃபேன்டசி’, ‘இன்ஸ்பிரேஷன்’, ‘இமாஜினேஷன்’ மூன்றும் துருக்கியின் அலியாகாவில் உடைக்கப்பட்டன. ஸ்பெயினின் புல்மாந்தூர் நிறுவனம் 2020 ஜூனில் திவால் நடவடிக்கையில் இறங்கியது. பிரிட்டனின் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் ஜூலையில் வீழ்ந்தது. 1965இல் சோவியத் கப்பலாகப் பிறந்த அதன் ‘மார்க்கோ போலோ’ குஜராத்தின் அலங் கடற்கரையில் முடிந்தது.

சோதனைப் பயணங்கள்

2020 கோடையில் ஐரோப்பா முதலில் முயன்றது. நார்வேயின் ‘ரோல்ட் அமுண்ட்சன்’ ஜூலையில் ஓடத் தொடங்கி, மாத இறுதியில் டிராம்சோ துறையை அடைந்தபோது தொற்று வெளிப்பட்டது. முந்தைய பயணத்தில் வந்தவர்கள் அதற்குள் நாடெங்கும் கலைந்து போயிருந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட, நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல்களிலிருந்து யாரும் இறங்கக் கூடாது என நார்வே தற்காலிகத் தடை விதித்தது.

ஆகஸ்ட் 16 அன்று ஜெனோவாவிலிருந்து புறப்பட்ட ‘எம்எஸ்சி கிராண்டியோசா’ கடுமையான கட்டுப்பாடுகளோடு வந்தது. ஏறும் முன் பரிசோதனை, குறைந்த பயணிகள், கரையில் இறங்கினால் நிறுவனம் நடத்தும் சுற்றுலாக் குழுவோடு மட்டுமே நடமாட்டம் என்பவை அதன் விதிகள். இத்தாலியில் குழுவை விட்டு விலகிச் சுற்றிய ஒரு குடும்பத்தை, கப்பல் மறுபடி ஏற்றிக்கொள்ளவில்லை. துறைமுகங்களின் நம்பிக்கையைப் பெற அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது.

சிங்கப்பூர் துறைமுகப் பிரச்சினையையே தவிர்த்தது. 2020 நவம்பரில் தொடங்கிய அதன் பயணங்கள் வேறு எங்கும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பின. டிசம்பரில் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்ததும் கப்பல் உடனே திரும்பியது. 1,680 பயணிகள் அறைகளுக்குள் பல மணி நேரம் அடைந்திருந்தனர். கரையில் நடந்த மறுபரிசோதனையில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. ஒரு தவறான முடிவு ஒரு முழுப் பயணத்தை முடிக்கப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் வழக்கும் விதியும்

2020 அக்டோபர் 30 அன்று சிடிசி தடையை விலக்கி, நிபந்தனையுடன் கூடிய அனுமதி முறையைக் கொண்டுவந்தது. கப்பலிலேயே ஆய்வுக்கூடம் வேண்டும். நோயாளிகளை ஏற்க உள்ளூர்ச் சுகாதாரத் துறையோடும் துறைமுகத்தோடும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தன்னார்வலர்களை ஏற்றி ஒத்திகைப் பயணம் நடத்திக் காட்ட வேண்டும். விளக்கமான வழிகாட்டல் மாதக்கணக்கில் தாமதமானதால், நிறுவனங்கள் தேதி அறிவிப்பதும் தள்ளிப்போடுவதும் வாடிக்கையாயின. ரத்தான பயணத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறுவதா, கட்டணத்தில் 125 சதவீத மதிப்புள்ள எதிர்காலச் சீட்டாக வைத்துக்கொள்வதா என்று பயணிகள் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தடுப்பூசி வந்ததும் நிலைமை மாறியது. ஊழியர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகை தேவையில்லை என்று 2021 ஏப்ரலில் சிடிசி சொன்னது. ஆனால் ஃபுளோரிடா மாநிலம், தடுப்பூசிச் சான்று கேட்கும் நிறுவனங்களுக்குத் தலைக்கு 5,000 டாலர் அபராதம் என்று சட்டம் செய்தது. சிடிசியின் விதிக்கு எதிராகவும் வழக்குத் தொடுத்தது. ஜூன் 18 அன்று கூட்டாட்சி நீதிபதி ஃபுளோரிடாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 17 அன்று அதை நிறுத்திவைத்து, 23 அன்று தன் முடிவையே மாற்றிக்கொண்டது. இந்தச் சட்டப் போருக்கு நடுவே ஜூன் 26 அன்று ‘செலிப்ரிட்டி எட்ஜ்’ ஃபோர்ட் லாடர்டேல் அருகிலிருந்து புறப்பட்டது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பதினைந்து மாதங்களுக்குப் பின் பயணிகளோடு கிளம்பிய முதல் பெரிய சொகுசுக் கப்பல் அது.

அலாஸ்காவுக்கு வேறொரு தடை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல், இடையில் அந்நியத் துறைமுகம் ஒன்றில் நிற்காமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றக் கூடாது என்கிறது 1886ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கமாகக் கப்பல்கள் கனடாவில் நின்று போகும். கனடா மூடியதால் 2020 பருவம் முழுதும் போயிற்று. 2021 மே மாதம் அமெரிக்கா தற்காலிக விலக்குச் சட்டம் இயற்றிய பிறகே அலாஸ்காவுக்குப் பெரிய கப்பல்கள் சென்றன.

கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு பரவியபோது, 2021 டிசம்பர் 30 அன்று, தடுப்பூசி போட்டவர்களும் கப்பல் பயணத்தைத் தவிர்க்கும்படி சிடிசி அறிவுறுத்தியது. ஆனால் இம்முறை தொழில் நிற்கவில்லை. 2022 ஜனவரி 15 அன்று கட்டாய விதிகள் காலாவதியாகி விருப்பத் திட்டமாயின. ஜூலை 18 அன்று அத்திட்டமும் முடிந்தது. ஆஸ்திரேலியா அந்த ஆண்டு ஏப்ரலில் துறைமுகங்களைத் திறந்தது. ஜப்பானுக்கு 2023 மார்ச்சில் வெளிநாட்டுக் கப்பல்கள் திரும்பின.

இந்தியக் கரைகள்

2019இல் மும்பையில் தொடங்கிய ஜலேஷ் நிறுவனம் 2020இல் மூடப்பட்டு, அதன் ஒரே கப்பலான ‘கர்னிகா’ அலங்கில் உடைக்கப்பட்டது. ராயல் கரீபியன் விற்ற பழைய கப்பலைக் கொண்டு கார்டிலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையில் தொழிலை மீண்டும் தொடங்கியது. 2022 ஜூன் 4 அன்று அதன் ‘எம்பிரஸ்’ கப்பலைச் சென்னையிலிருந்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் வழியில் புதுச்சேரிக்கு வந்த அதற்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்ட விடுதி இருப்பதாக எழுந்த எதிர்ப்பே காரணம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வழியாக இலங்கைப் பயணங்கள் தொடங்கின.

2023இல் உலகச் சொகுசுக் கப்பல் பயணிகள் 3 கோடியே 17 லட்சம். பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைத் தொழில் தாண்டிவிட்டது. தீராமல் நிற்பது சட்டச் சிக்கல்தான். பொதுச் சுகாதாரக் காரணத்துக்காக ஒரு கப்பல் துறைமுகம் சேர்வதைத் தடுக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நாடுகள் கூடுதல் கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என 43ஆம் பிரிவு இடம் தருகிறது. 2020இல் பெரும்பாலான நாடுகள் இரண்டாவது வழியையே எடுத்தன. நோயாளிகளோடு வரும் கப்பலை இன்ன துறைமுகம் ஏற்க வேண்டும், செலவை இன்னார் ஏற்க வேண்டும் என்று முன்கூட்டியே உடன்பாடு காணாதவரை, அடுத்த பெருந்தொற்றிலும் கப்பல்கள் கடலில்தான் அலையும்.