பார்வைப் புறணி

பெருமூளையின் பின்கோடியில், பிடரி மடலில், கண்ணிலிருந்து வரும் செய்திகள் முதலில் வந்து சேரும் பகுதி பார்வைப் புறணி. அதன் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பெரும்பகுதி, கால்கரைன் எனப்படும் பள்ளத்தின் இரு கரைகளிலும் மடிந்து கிடக்கிறது. நமக்கு இடப்பக்கம் தெரிவது வல மூளைக்கும், வலப்பக்கம் தெரிவது இட மூளைக்கும் போய்ச் சேரும். வழி பார்க்காமல் நடப்பவரை "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஏசுவது நம் வழக்கம். உடற்கூற்றியலாரைக் கேட்டால், பாதி ஆம் என்பார். அந்தப் பாதியை நிலைநாட்ட நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கான சான்றுகளில் பெரும்பங்கு, போர்க்களத்தில் அடிபட்ட மண்டைகளிலிருந்து கிடைத்தது.

கண்ணுக்குள் நடப்பதை ஓரளவு முன்னரே அறிந்துகொண்டார்கள். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று கெப்ளர் 1604இல் விளக்கினார். தலைகீழான படம் எப்படி நேராகத் தெரிகிறது என்ற சிக்கலை அவர் அவிழ்க்கவில்லை. ஒளியியலின் வேலை விழித்திரையோடு முடிந்தது என்று சொல்லி, மிச்சத்தைத் தத்துவவாதிகளிடம் விட்டுவிட்டார்.

1776இல் இத்தாலியின் பார்மா நகரில் பிரான்செஸ்கோ ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர், உறையவைத்த மூளையை அறுத்துப் பார்த்தபோது பின்பகுதியில் ஒரு வெண்கோடு கண்டார். வெறுங்கண்ணுக்கே தெரியும் கோடு அது. 1782இல் அதை நூலில் பதிந்தவர், அது எதற்கு இருக்கிறது என்று தமக்குத் தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பார்வைப் புறணியின் அடையாளம் அதுதான். இன்றும் அதற்கு ஜென்னாரி கோடு என்றே பெயர்.

பக்கவாதத்தால் பார்வையிழந்தவர்களின் மூளையைக் கொண்டு 1855இல் பார்த்தலோமியோ பனிட்சா பின்மூளையைச் சுட்டிக்காட்டினார். யாரும் செவிசாய்க்கவில்லை. பிறகு லண்டனில் டேவிட் பெரியர் குரங்குகளிடம் சோதித்து, பார்வையின் இடம் மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது என்றார். தவறான முடிவு, அவர் பெயருக்கிருந்த மதிப்பால் சில ஆண்டு நிலைத்தது. பெர்லினில் ஹெர்மன் முங்க் ஒருபக்கப் பிடரி மடலை நீக்கிக் காட்டினார். குரங்குக்கு ஒரு கண் குருடாகவில்லை; இரு கண்களிலும் எதிர்ப்பக்கப் பாதிக் காட்சி மறைந்தது. இடம் உறுதியானது. ஆனால் அந்த இடத்துக்குள் எந்தத் துண்டு காட்சியின் எந்தத் துண்டைப் பார்க்கிறது? ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் ஒரு வரைபடம் கொடுத்தார்; அதில் முன்னும் பின்னும் இடம் மாறியிருந்தன.

அதைத் திருத்தியவர் ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோவே. 1904–05 ரஷ்ய–ஜப்பான் போரில் ரஷ்யர்கள் ஏந்திய புதுவகைத் துப்பாக்கியின் குண்டு சிறியது, வேகம் மிகுந்தது. பழைய ஈயக்குண்டைப்போல மண்டையைச் சிதறடிக்காமல், ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிவிடும். அதனால் தலையில் குண்டு பாய்ந்தும் பலர் பிழைத்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு பென்ஷன் என்று தீர்மானிக்க, போன பார்வை எவ்வளவு என்று அளக்க வேண்டும். அந்த வேலை இனோவேயிடம் வந்தது. குண்டு நேர்கோட்டில்தான் போயிருக்கும் என்று கொண்டு, நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளக்கத் தனிக் கருவி ஒன்று செய்தார். இரண்டையும் இணைக்கும் கோடு மூளையின் எந்தெந்தப் பகுதியைத் தொட்டிருக்கும் என்று கணித்தார். அதை அந்தச் சிப்பாய்க்குப் பார்வையில் மறைந்துபோன பகுதியோடு ஒப்பிட்டார். இப்படி 29 பேர். 1909இல் ஜெர்மன் மொழியில் நூல் வெளிவந்தது. பென்ஷன் கணக்கு பார்க்கப் போனவருக்குப் பார்வையின் வரைபடம் கிடைத்தது.

காட்சியின் நடுப்பகுதி பிடரியின் கடைக்கோடியில் பதிகிறது. ஓரங்கள் உள்ளே முன்னோக்கிப் போகப் போகப் பதிகின்றன. மேலே தெரிவது பள்ளத்தின் கீழ்க்கரையிலும், கீழே தெரிவது மேல்கரையிலும் விழுகின்றன. இன்னொன்றையும் அவர் கண்டார்: பங்கீடு சமமில்லை. நாம் உற்றுப் பார்க்கும் சிறு நடுவட்டம் மிகப் பெரிய பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வரியில் உங்கள் கண் நிற்கும் ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் மூளையிடம், ஓரத்தில் தெரியும் முழுச் சுவருக்கும் கிடைக்காது. காட்சியின் நடுப்பகுதியான 10 பாகைக்கே பரப்பில் பாதிக்கும் மேல் போகிறது என்று 1991இல் ஹார்ட்டனும் ஹாயிட்டும் காட்டினர்.

முதல் உலகப் போரில் கார்டன் ஹோம்ஸ் இதே வரைபடத்தை இன்னும் நுணுக்கமாகத் தந்தார். இங்கிலாந்தின் பாடநூல்களில் நெடுங்காலம் அவர் பெயரே நின்றது. இனோவே ஓரத்துக்குப் போனார். அதே போரின் காயங்களைப் பார்த்த ஜார்ஜ் ரிடக் 1917இல் ஒரு வினோதத்தை எழுதினார்: குருடான பகுதியில் பொருள் தெரியாவிட்டாலும் அது அசைவதைச் சிலர் உணர்ந்தார்கள். ஹோம்ஸ் ஒப்பவில்லை. 1974இல் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழு, புறணியின் ஒரு பகுதி அகற்றப்பட்ட நோயாளி ஒருவரைச் சோதித்தது. எதுவும் தெரியவில்லை என்றே சொன்ன அவர், ஊகமாகக் கைநீட்டச் சொன்னபோது ஒளி இருந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே காட்டினார். இதற்குக் 'குருட்டுப் பார்வை' என்று பெயர் வந்தது.

புறணி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை தற்செயலாக வாய்த்தது. விழித்திரையில் ஒளியுணர் செல்கள் 12 கோடிக்கு மேல். பார்வை நரம்பின் இழைகளோ ஏறத்தாழ 10 லட்சம். அப்படியானால் புறணிக்குச் செய்தி சுருங்கித்தான் வருகிறது; அதில் புறணி எதைத் தேடுகிறது? 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும், பூனையின் புறணியில் ஒற்றைச் செல்லின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சட்டத்தில் கரும்புள்ளி வைத்துக் காட்டியபோது செல் அசையவில்லை. சட்டத்தைச் செருகும்போது மட்டும் படபடவென்று வெடித்தது. அதை எழுப்பியது புள்ளியல்ல, கண்ணாடி விளிம்பின் மெல்லிய நிழல். குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் செல்கள் அவை. 1981 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூன்று மாதம் மூடி வைத்தால், திறந்தபின் கண் நலமாக இருந்தும் புறணி அதை ஏற்பதில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். பிறவிக் கண்புரையைத் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும் என்ற மருத்துவ வழக்கம் இதனால் வலுப்பட்டது. ஆனால் இந்தக் காலக்கெடு எல்லாத் திறன்களுக்கும் ஒன்றுபோல இல்லை. பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத இந்தியக் குழந்தைகளுக்கு எட்டு வயதுக்குப் பிறகு அறுவை செய்தும் பயன் கிடைத்தது. தொட்டு மட்டும் அறிந்த பொருளைப் பார்வை வந்தவுடன் கண்ணால் இனங்காண முடியுமா என்று 1688இல் வில்லியம் மாலினியூ கேட்டிருந்தார். 2011இல் இக்குழந்தைகளில் ஐவரை வைத்துச் சோதித்தார்கள். கட்டு அவிழ்த்த இரண்டொரு நாளில் முடியவில்லை. சில நாள்கள் சென்றபின் முடிந்தது.