திருமணியில் பற்றிய ஒரு கரம்



தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டை அடைந்துவிடலாம். அவ்வூரை அடுத்த திருமணியில், ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனெரிகள் நடத்திவந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் இந்திய அரசு அதனை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947இல் அங்கே வந்தார். மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் மடங்கி முடங்கிய ஒருவருடைய கையில் பிராண்ட் தம் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கே வலித்தது! செயலிழந்ததாக எண்ணப்பட்ட அக்கரத்தில் வலிமையான தசைகள் எஞ்சியிருந்தன. அவற்றின் தசைநாண்களை இடம்மாற்றி, முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை மறு ஆண்டே வேலூரில் தொடங்கிற்று.

பின்னும் ஓர் உண்மை விளங்கிற்று. இந்நோய் விரல்களைத் தின்பதில்லை. நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் பறிக்கிறது. சூடும் காயமும் தெரியாதபடியால் புண்கள் பெருகி விரல்கள் குறைகின்றன.

ஆகையால் அன்பானவர்களே, வலிக்கவில்லை என்று அசட்டையாயிராதீர்கள். வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணர்வற்ற தேமல், கைகால் மரத்துப்போதல், காதுமடல் தடித்தல், புருவமயிர் உதிர்தல், வலியில்லாத புண், விரல்கள் மடங்குதல், இமை மூட இயலாமை: இவற்றில் எதைக் கண்டாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கூட்டுமருந்து அங்கே இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடியும். மருந்து தொடங்கியபின் நோய் பிறருக்குத் தொற்றும் நிலை விரைவில் நீங்கும். காலந்தாழ்த்தினாலோ, இழந்த உணர்வு திரும்புவது அரிது.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், தோலில் தோன்றிய தடிப்பை ஆசாரியன் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். அங்கே கூறப்படுவது தோல்நோய்கள் பலவற்றை. இன்றைய தொழுநோயை மட்டுமன்று. அவ்வசனங்களைக் கொண்டு எவரையும் தீட்டுள்ளவர் என்று தள்ளுவது நமக்குத் தகாது. நம் ஆண்டவரோ, மாற்கு முதலாம் அதிகாரத்தில், குஷ்டரோகியைச் சொல்லால் மாத்திரமல்ல, கைநீட்டித் தொட்டே சுகமாக்கினார்.

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒருவர் தம் தேமலை மறைத்துத் தயங்கி நிற்கக்கூடும். அவர் கரத்தைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.