புது நாடகமும் பழைய வள்ளியும்: சிவகாசி விஸ்வநாததாஸை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் நாடக வரலாறு எழுதியவர்களுக்குப் 'புது நாடகம்' என்றால் புதிதாக எழுதப்பட்ட ஒரு பிரதி. அதற்கு ஓர் ஆசிரியர் இருப்பார், அரங்கேறிய தேதி இருக்கும், பிறகு புத்தகமாகவும் வரும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதிலிருந்து நம் வரலாறு இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. ஓர் அரங்கு, அதற்கொரு சீசன், அந்தச் சீசனில் இத்தனை புது நாடகம் என்று கணக்கெழுதிவிடலாம். இதே பேரேட்டைத் தூக்கிக்கொண்டு விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் வந்தால் வரவுப் பக்கம் காலியாகக் கிடக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா. தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப இவைதாம். ஆகவே 'தேங்கிப்போன வடிவம்' என்று ஒரு வரியில் எழுதி மூடிவிடுகிறார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. இந்தப் பக்கத்து நாடகத்தில் புதுசு எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்காமலே சொல்லப்பட்ட தீர்ப்பு அது.

முதலில், இங்கே அரங்கு என்று கட்டடம் தேடக் கூடாது. கோயில் பொட்டலில் போடும் பந்தல்தான் அரங்கு. சீசனைத் தீர்மானிப்பது சாமி. விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளிக்குச் சித்திரை, இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி. கரிசலில் மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு, அடுத்த மழைக்கு முன்னால், ராத்திரி முழித்திருக்க ஜனத்துக்கு நேரமும் கையில் நாலு காசும் இருக்கிற மாதங்கள் இவை. அந்தப் பொட்டலில் நடப்பதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதால் அது 'ஸ்பெஷல்'. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் எதிர்கொள்வார்கள். நோட்டீஸில் அவர்களுடைய படமும் ஊர்ப்பெயரும்தான் எடுப்பாக இருக்கும். ஜனமும் என்ன நாடகம் என்று கேட்பதில்லை. 'யாரு ராஜபார்ட்டு? வள்ளி யாரு?' இதுதான் கேள்வி.

ஒத்திகை இல்லாமல் விடியவிடிய எப்படி ஆடமுடிகிறது? எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடம் மனப்பாடமாக இருக்கிறது என்பதால். அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் பையன்கள் அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டியிருந்தது. வாத்தியாரின் பிரம்புக்குக் கீழே பிரதி இறுக்கமாக நின்றது. கம்பெனிக்கு வெளியே, பொட்டலுக்கு வந்தபோது அதே பிரதி இளகியது. பாட்டுகள் நின்றன, அவற்றுக்கு நடுவே இடைவெளிகள் திறந்துகொண்டன. வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நடுவில் அன்றைக்கு என்ன வரும் என்பது நடிக்கிற இரண்டு பேருக்கே தெரியாது. ஒரு சீசனில் ஐம்பது வள்ளி திருமணம் நடந்தால் ஐம்பதும் ஒரே நாடகம் என்று சொல்ல, பிரதியை மட்டும் படிக்கிறவர்களால்தான் முடியும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிசு என்பதைக் காட்டியவர் விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில், மருத்துவர் என்றழைக்கப்படும் நாவிதர் சாதியில் பிறந்தவர். பிறகு திருமங்கலத்தில் குடியேறினார். அவர் புதிதாக நாடகம் எதுவும் எழுதவில்லை. அதே வள்ளி, அதே முருகன். 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அந்தப் பழைய கதைக்குள் பஞ்சாபைப் பற்றிய பாட்டு நுழைந்தது. தினைப்புனக் காட்சியில் வள்ளியின் வேலை பறவை விரட்டுவதுதானே? அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 'வெள்ளை' யார், விரட்டுவது யாரை என்பது கடைசி வரிசையில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தவருக்கும் விளங்கியது. இந்த மாதிரி தேசியப் பாட்டுகளை அப்போது நிறைய எழுதிக்கொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸுக்கும் பாட்டெழுதியவர் அவரே.

அதிகாரத்துக்கு இது பெரிய சிக்கல். 1876ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம், ராஜத் துரோகமான நாடகத்தைத் தடைசெய்யச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. எதைத் தடைசெய்வது? வள்ளி திருமணத்தையா? முருகனும் வள்ளியும் என்ன துரோகம் செய்தார்கள்? குற்றம் பிரதியில் இல்லை, அன்றைக்கு ராத்திரி பாடிய குரலில் இருந்தது. ஆகவே நாடகத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்கள். அவர் 29 முறை சிறை சென்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணிக்கை கூடக்குறைய இருந்தாலும் அது காட்டுவது ஒன்றுதான். நாடகத்தின் ஆசிரியர் நடிகரே என்பதை நம் விமர்சகர்களுக்கு முன்னாலேயே போலீஸ் கண்டுபிடித்துவிட்டது. (சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பயம் போகவில்லை. எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்து 1954இல் சென்னை மாகாணம் தனியாகவே ஒரு நாடகச் சட்டம் போட்டது. அதன் சில பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று.)

விஸ்வநாததாஸைத் 'தியாகி' என்று மட்டும் நினைவுகூர்வதில் ஒரு வசதி இருக்கிறது. சாதியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கோயிலுக்குள் யார் நுழையலாம் என்ற தகராறில் 1899இல் 'சிவகாசிக் கொள்ளை' நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாவிதர் வீட்டுப் பையன் வளர்ந்து முருகனாக மயில்மேல் உட்கார்ந்தான். கோயிலுக்குள் கிடைக்காத இடம் கோயில் பொட்டலில் கிடைத்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையும் அவ்வளவு சுத்தமான இடமில்லை. அவர் சாதியைக் காரணம் காட்டி ஜோடியாக நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் இருந்ததாகவும், அப்போது முன்வந்து நடித்தவர் கே.பி. ஜானகியம்மாள் என்றும் சொல்வார்கள். பின்னாளில் கம்யூனிஸ்டாகி 1967இல் மதுரையில் சட்டமன்ற உறுப்பினரான அதே ஜானகியம்மாள். நாடகக்காரி என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண்களே இன்னொருவரை ஒதுக்கும் இடத்தில் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இழிவு மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தங்கித்தான் இறங்குகிறது. இதைப் பேசாத 'மக்கள் கலை' வரலாறு பாதி வரலாறு.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போதே, முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் போயிற்று. வேஷத்தைக் கலைக்காமல் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பார்கள். 

சரி, நவீன நாடகக்காரர்கள் ஏன் இந்தப் பக்கம் திரும்பவில்லை? 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. ந. முத்துசாமி தேடிப்போனது புரிசைக்கு, கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்துக்கு. 1984 முதல் சங்கீத நாடக அகாதெமி, மரபிலிருந்து நாடகம் செய்யும் இளைஞர்களுக்குப் பண உதவி கொடுத்தது. 'வேர்கள்' தேடப்பட்ட காலம். ஸ்பெஷல் நாடகத்தில் யாருக்கும் வேர் தெரியவில்லை. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, திரைச்சீலை பார்சிக் கம்பெனியிலிருந்து, மெட்டில் பாதி இந்துஸ்தானி. நாட்டாரியல்காரர்களுக்கு இது போதுமான அளவு பழசில்லை, நவீனர்களுக்குப் போதுமான அளவு புதுசில்லை. கூத்தைப் போற்றியதில் தப்பில்லை. ஆனால் கலப்பைக் கண்டு முகம் சுளித்தது ஒருவகைத் தூய்மைவாதம். தமிழில் வெகுஜனத்தோடு உண்மையாகப் பேசிய அநேகமாக எல்லா வடிவமும் கலப்புத்தான்.

அந்தக் கலப்பு எங்கே போயிற்று என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறுவருஷம் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசு பிறகு வந்தது. இப்படி வளர்ந்த லித்தோ அச்சகங்களுக்குப் படம் எழுதிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). அவர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அங்கேயே தங்கிச் சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். தூண்கள், தொங்கும் திரை, பின்னால் ஓடை, நேரே நம்மைப் பார்த்து நிற்கும் சாமி என்று அந்தக் காலண்டர்களில் இருப்பது கோயில் கருவறையை விட நாடக மேடைக்கு நெருக்கமானது. நடுவீட்டில் ஆணியில் தொங்கிய முருகன் ராஜபார்ட் முருகன்தான். அவன் வாய் திறக்கமாட்டான், அவ்வளவே.

வாய் திறந்து பாடியவனுடைய குரலை வைத்து வரலாறு எழுதுவது எப்படி? சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் தேசிய இயக்கத்துக்கும் நாடக, சினிமாவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு அரசாங்க ஆவணங்களைத்தான் புரட்டவேண்டியிருந்தது. நாடகக்காரர் பாடியதில் ராஜத் துரோகம் என்று பட்டதைக் குறித்துவைக்கச் சர்க்காருக்கு ஆள் இருந்தது. அதே ராத்திரி பபூன் சொன்ன வசவை, வள்ளி வேடனை மடக்கிய கேள்வியை, மூன்றாம் சாமத்தில் தூங்கிவிழுந்த ஜனத்தை எழுப்ப ஆர்மோனியக்காரர் எடுத்த மெட்டைக் குறித்துவைக்க யாரையும் நியமிக்கவில்லை. அவற்றுக்கு விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கும் இருக்கன்குடிக்கும் நாலு தலைமுறையாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும்.