நீரிழிவும் தேகப்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரிழிவென்றும் சலரோகமென்றும் நம்மவர் வழங்கும் நோய்க்குத் தேகப்பயிற்சியை மருந்தாகக் கூறுவது இன்று நேற்று எழுந்த வழக்கமன்று. எனினும், அம்மருந்து உடலினுள்ளே எவ்வாறு வேலை செய்கின்றது, யாருக்கு நன்மை பயக்கும், யாருக்கு எப்பொழுது தீங்கு விளைக்கும் என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைத்தது கடந்த ஒரு நூற்றாண்டுக்குள்ளேயாம். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

பண்டைய ஆயுர்வேத நூலாகிய சுசுருத சங்கிதை இந்நோயாளரை இருவகையாகப் பிரிக்கின்றது. பிறவியிலேயே நோயின் வித்தைக் கொண்டு வந்தோர் மெலிந்தவர். தகாத உணவினாலும் ஒழுக்கத்தினாலும் நோயைத் தேடிக்கொண்டோர் பருத்தவர். பொருளும் சுற்றமும் இல்லாத நோயாளி குடையும் பாதரட்சையுமின்றி நூறு யோசனை தூரம் நடத்தல் வேண்டும் என்றும், வேறு சிலர் கிணறு தோண்டுதல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. ஆனால், மெலிந்தவனை எப்பொழுதும் பாதுகாக்க வேண்டும் என்றும் அதுவே கூறுகின்றது. நோயின் பெயர் ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று என்பதை அக்காலத்து வைத்தியர் கண்ணாற் கண்டறிந்திருந்தனர். காரணம் மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை.

காரணத்தைத் தேடிய பாதையில் முதற் பெருவெற்றி 1889ஆம் ஆண்டிற் கிடைத்தது. ஸ்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. உடலின் ஒரு பகுதியிற் சுரந்து, இரத்தத்தோடு சென்று, பிறிதொரு பகுதியை ஏவும் பொருள்களுக்கு 'ஓமோன்' என்னும் பெயரை 1905இல் ஸ்ரார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் வழங்கினார். சதையியின் ஓமோனாகிய இன்சுலினை 1921இல் ரொறன்ரோ நகரிற் பான்ரிங்கும் பெஸ்றும் பிரித்தெடுக்க, கொலிப் அதனைத் தூய்மையாக்கினார். 1922 சனவரியில், சாவின் வாயிலில் நின்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தால் உயிர் தப்பினான். அடுத்த ஆண்டிலே நோபல் பரிசு பான்ரிங்குக்கும், அவருக்கு ஆய்வுகூடத்தை அளித்த மக்லியொட்டுக்கும் கிடைத்தது.

இன்சுலினாற் பிழைத்தோருள் இலண்டன் வைத்தியர் ஆர். டி. லோறன்ஸ் ஒருவர். இத்தாலியிலே சாவை எதிர்நோக்கியிருந்த அவர், 1923இல் நாடு திரும்பி இன்சுலின் ஏற்றிக்கொண்டார். இன்சுலின் ஏற்றியபின் தேகப்பயிற்சி செய்தால் இரத்தச் சர்க்கரை மேலும் விரைந்து இறங்குகின்றது என்பதை 1926இல் அவர் வெளியிட்டார். நோயாளியாகவும் வைத்தியராகவும் விளங்கிய ஒருவரின் வாயிலாக இவ்வுண்மை வெளிவந்தது மிகப் பொருத்தமே.

ஆயினும் இரத்தத்தில் ஓமோன் எவ்வளவு உள்ளதென அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அமெரிக்காவில் யலோ அம்மையாரும் பேர்சனும் 1960ஆம் ஆண்டளவில் அம்முறையை வகுத்தனர். பேர்சன் 1972இற் காலமானார். யலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அளவை வந்தபின் திரை விலகியது. நோயற்ற ஒருவர் ஓடத் தொடங்கியதும் அவர் உடலில் இன்சுலின் குறைகின்றது. குளுக்ககோனும் அதிரனலினும் உயர்கின்றன. அவை ஈரலை ஏவிச் சர்க்கரையை வெளிவிடச் செய்கின்றன. வேலை செய்யும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலே அச்சர்க்கரையை உள்ளிழுக்கின்றது. வரவும் செலவும் ஒத்துப் போவதால் இரத்தச் சர்க்கரை நிலைபெறுகின்றது.

இன்சுலின் ஏற்றிக்கொள்வோரிடம் இச்சமநிலை குலைகின்றது. ஊசியால் உட்சென்ற இன்சுலின் ஓட்டத்தைக் கண்டு தானாகக் குறைவதில்லை. ஆதலால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மாலையில் விளையாடியவருக்கு நள்ளிரவிலும் அது நேரலாம். மாறாக, உடலில் இன்சுலின் போதாதிருக்கையில் ஓடினால், தடுப்பாரின்றி ஈரல் சர்க்கரையைக் கொட்டுகின்றது, நோய் முற்றுகின்றது. மெலிந்தவனைப் பாதுகாக்க என்ற பண்டைய எச்சரிக்கையின் பொருளை இங்கு நாம் உணர்கின்றோம். முதிர்ந்த வயதில் வரும் இரண்டாவது வகையினருக்கோ பயிற்சி பெருநன்மை தருகின்றது. ஒருநாள் நடந்தால், அதன்பின் ஓரிரு நாட்களுக்குத் தசைகள் இன்சுலினுக்கு எளிதில் இணங்குகின்றன.

நோய் வருமுன் காக்கவும் பயிற்சி உதவும். அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில், வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சியும் உடல் எடைக் குறைப்பும் மேற்கொண்டோரிடம் நீரிழிவு புதிதாகத் தோன்றுதல் 58 சதவீதத்தாற் குறைந்தது. சென்னை ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் உணவு, பயிற்சி ஆகியவற்றால் 28.5 சதவீதக் குறைவு காணப்பட்டது. மெலிந்த தோற்றமுடைய நம்மவரிடையேயும் இந்நோய் மிகுந்து காணப்படுவதால், இதனை நாம் சிறிதென எண்ணலாகாது.

நம் இல்லங்களில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. இன்சுலின் ஏற்றும் பிள்ளையை விளையாட்டுத் திடலுக்கே விடாது பூட்டிவைப்பது ஒன்று. பயிற்சியையும் பத்தியத்தையும் நம்பி ஊசியைக் கைவிடச் சொல்வது மற்றொன்று. முன்னது பிள்ளையின் இளமையைப் பறிக்கும். பின்னது உயிரையே பறிக்கும். இளைஞர்காள்! உங்கள் குழுவில் அத்தகைய தோழன் ஒருவன் இருப்பின் அவனை ஒதுக்காதீர்கள். விளையாடுமுன் அவன் சர்க்கரையைச் சோதிக்கட்டும். வைத்தியர் சொற்படி இன்சுலினின் அளவை மாற்றட்டும். அவன் சட்டைப்பையில் குளுக்கோசோ இனிப்போ இருக்கட்டும். அவன் கை நடுங்கி வியர்த்தால் செய்ய வேண்டியது யாதென நீங்களும் அறிந்திருங்கள். பெரியோர்களே! வைத்தியரைக் கலந்து, நாள்தோறும் நடவுங்கள். நடையும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.