நகராட்சி மன்றமும் நம் இளைஞரும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் பாடநூல்களில் மிகுதியாக உள்ளன. நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த வரலாற்றையும், பல காலம் வராமற்போன வரலாற்றையும் எப்பாடநூலும் கூறுவதில்லை. ஆதலின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களிலும் வாழும் நம் இளைஞர்களுக்குப் பயன்படும் வண்ணம், உள்ளாட்சி மன்றங்களில் தாழ்த்தப்பட்டோர் இடம்பெற்ற வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

மன்றம் எதனை ஆள்கிறது?

நம் மாணவர் பலருக்குச் சட்டமன்றத் தொகுதியின் பெயர் தெரியும்; அமைச்சர்களின் பெயர்களும் தெரியும். தாம் குடியிருக்கும் வார்டின் எண்ணைக் கேட்டால் விழிக்கின்றனர். அன்றாட வாழ்வில் நம்மைத் தொடும் ஆட்சியோ அந்த வார்டிலேதான் தொடங்குகிறது. அய்யனார் கோயில் ஆற்று நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி இராசபாளையத்து மக்களுக்குக் குடிநீராகிறது. குடிநீர் எத்தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை விடப்படும், எச்சாக்கடை முதலில் தூர் வாரப்படும், எந்தச் சந்தில் விளக்கு எரியும், சுடுகாட்டுப் பாதை செப்பனிடப்படுமா என்பனவெல்லாம் நகராட்சியின் கையில் உள்ளவை. ஊரைத் தூய்மை செய்யும் கைகளிற் பெரும்பாலானவை நம்மவர் கைகள். அக்கைகளுக்குக் கையுறை வாங்குவதா, அப்பணியை ஒப்பந்தக்காரரிடம் விடுவதா என்ற பேச்சும் அந்த மன்றத்து மேசைக்கே வருகிறது. இராசபாளையத்தில் 42 வார்டுகள், திருவில்லிபுத்தூரில் 33 வார்டுகள். ஆக 75 இருக்கைகள். அவற்றில் அமர்வோர் யார், அமர்ந்து என்ன செய்கின்றனர் என்பது நமக்கு வாழ்வுப் பிரச்சினையாகும்.

நியமன நாற்காலி

1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கும் ஸ்தல போர்டுகளுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. தேர்தல் என்னும் சொல் நகரங்களில் ஒலிக்கத் தொடங்கியது. ஆயினும் வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்தே அமைந்தது. நிலமும் மனையும் மறுக்கப்பட்ட நம் முன்னோரிற் பெரும்பாலோர் வரிப் பட்டியலில் இல்லை; ஆகவே வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

அக்காலத்தில் திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் இணைந்தது. 1985-இல் அம்மாவட்டத்திலிருந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. இதனை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னே இராமநாதபுரம் ஜில்லா போர்டு என்று நாம் குறிப்பிடும் இடத்தில் நம் ஊர்களும் அடங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் மன்றங்களுக்குள் நுழைய இருந்த வழி நியமனம் ஒன்றே. சென்னைச் சட்டமன்றத்திலும் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோர் நியமன உறுப்பினராகவே அமர்ந்தனர். அரசு தந்த நாற்காலியை அரசே எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆயினும் அந்த நாற்காலியில் இருந்துகொண்டே 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றது, அரசும் ஆணையிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆர். வீரையன் என்னும் நம்மவர் ஒருவரின் முயற்சியால், தடுப்போரைத் தண்டிக்கும் விதியும் உள்ளாட்சிச் சட்டத்தில் இடம்பெற்றது.

சட்டம் பிறந்துவிட்டது. ஆனால் அதனை ஊர்க் கிணற்றடிக்குக் கொண்டுவர யாரேனும் வேண்டுமன்றோ? அங்கேதான் உள்ளாட்சியின் பங்கு விளங்குகிறது.

ஜில்லா போர்டும் பேருந்தும்

1928-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்னணியில் நின்றவர். 1929-இல் செங்கற்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர். அந்நாளில் தனியார் பேருந்துகள் பலவற்றில் ஆதிதிராவிடரை ஏற்றுவதில்லை. காசு கொடுத்தாலும் இடமில்லை என்று விரட்டினர். சாலைகள் ஜில்லா போர்டுக்கு உரியவை; அவற்றில் பேருந்து ஓட்ட போர்டின் உரிமம் வேண்டும். ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் நீக்கப்படும் என்று சௌந்தரபாண்டியன் ஆணையிட்டார்.

அவர் புதிய சட்டம் எதனையும் இயற்றவில்லை. உரிமம் வழங்கும் அதிகாரம் அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தோர்க்கும் இருந்தது. அதே அதிகாரத்தை எவர் பக்கம் நின்று பயன்படுத்துவது என்பதிலேதான் வேறுபாடு. முற்போக்கு வேட்பாளர் எனப்படுவோரை அளக்கும் முதற்கோல் இதுவே. மேடையில் எவ்வளவு பேசினார் என்பதை விட, கையெழுத்திடும் அதிகாரம் கிடைத்த நாளில் எந்தக் கோப்பில் கையெழுத்திட்டார் என்பதே பெரிது.

மகாத் நகராட்சி தரும் பாடம்

ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் நடந்ததொன்றையும் இங்கு ஒப்பிட்டுக் காண்பது நலம். பொது நீர்நிலைகளைத் தீண்டாதார்க்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. அதனைப் பின்பற்றி மகாத் நகராட்சி 1924-இல் தன் சௌதார் குளத்தை எல்லார்க்கும் திறப்பதாகத் தீர்மானம் இயற்றியது. மூன்று ஆண்டுகள் அது தாளிலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரவரோடு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் நடந்ததையே நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! வழக்கு நீதிமன்றம் ஏறி, 1937-இல்தான் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பாயிற்று.

ஒரு மாலைக் கூட்டத்தில் தந்ததை மற்றொரு மாலைக் கூட்டத்தில் பறிக்கும் ஆற்றல் நகராட்சி மன்றத்திற்கு உண்டு. பறிக்கும் நாளில் எழுந்து நின்று மறுப்பதற்கு நம் உறுப்பினர் அங்கே இருந்தாக வேண்டும்.

நியமனத்திலிருந்து தேர்தலுக்கு

1930-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் சென்னை மாகாணத்து உள்ளாட்சிகளில் நியமன முறையை நீக்கி, தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி இடங்களை ஒதுக்க வழி செய்தன. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைச் சட்டமன்ற இடங்களோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். உள்ளாட்சித் தேர்தல்களில் தாழ்த்தப்பட்டோர் என்ற காரணத்தால் எவ்விதத் தகுதிக் குறைவும் இருத்தல் ஆகாது என்று அதன் எட்டாம் பிரிவு கூறுகிறது. தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது ஒன்பதாம் பிரிவு. உள்ளாட்சியும் கல்வியும் அடுத்தடுத்து அமைந்தமை நம்மைப் போன்ற கல்விக் கழகத்தார் எண்ணிப் பார்க்கத் தக்கது. அதே ஆண்டு அக்டோபரில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, தாழ்த்தப்பட்டோர்க்கு உரிய பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க இயலாது என்று அம்பேத்கர் வாதிட்டார்.

1945-இல் ந. சிவராஜ் சென்னை மாநகராட்சி மேயரானார். தலைநகரின் மேயர் பதவியில் நம்மவர் ஒருவர் அமர்ந்தார். நம் இராசபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா ஊராட்சிப் பணியிற் பழகி, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். அவர் காலத்தில்தான் 1950-ஆம் ஆண்டுக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. ஊர் மன்றமே பெரும் பதவிகளுக்குப் பயிற்சிக் கூடம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. அக்கூடத்தின் வாயில் நம்மவர்க்கு எவ்வளவு திறந்திருந்தது என்பது தனிக் கேள்வி.

மன்றமே இல்லாத காலங்களும் இருந்தன. 1970-களின் இடையிலிருந்து 1986 வரை தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவில்லை. மீண்டும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. தனி அலுவலர்களே ஆண்டனர். அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். மன்றத்திலே எழுந்து கேள்வி கேட்க வேண்டுமாயின் உறுப்பினர் வேண்டும்.

அரசியலமைப்பின் காப்பும் குருதியின் விலையும்

1992 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கு மக்கட்தொகை விகிதப்படி இடமும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடமும் அரசியலமைப்பின் உறுதியாயின. 2016-இல் தமிழக அரசு பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது.

புதிய முறைப்படி 1996 அக்டோபரில் தமிழகத்தில் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதைப் பொறாத சாதி வெறியர், தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தோரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றனர். மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும்போது அக்கொடுமை நேர்ந்தது. பேருந்தில் ஏறும் உரிமையைச் சௌந்தரபாண்டியன் நிலைநாட்டி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டவர் தலைவராக அமர 2006 வரை இடந்தரவில்லை. இவற்றுள் கொட்டகச்சியேந்தல் நம் விருதுநகர் மாவட்டத்து ஊர். பத்தாண்டுக் காலம் ஒரு நாற்காலியை வெறுமையாக வைத்திருக்கத் துணிந்தனர் என்றால், அந்நாற்காலியின் மதிப்பை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதே பொருள். நாம் அறிந்துள்ளோமா?

2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னையின் மேயரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட பெண் அவரே. சிவராஜ் மேயரான ஆண்டிலிருந்து எண்ணினால் இடையே எழுபத்தேழு ஆண்டுகள்.

இளைஞர்க்குச் சில சொற்கள்

ஒதுக்கப்பட்ட இருக்கையில் நம்மவர் அமர்ந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உளர். வென்றவர் பெண்ணாக இருக்கக் கணவரே அதிகாரம் செய்வதும், தன்னை நிறுத்திய பெரிய மனிதரின் முகக்குறிப்புக்கு ஏற்ப உறுப்பினர் கைதூக்குவதும் நாடெங்கும் காணும் காட்சிகள். இவை நியமன நாற்காலியின் மறுபிறவியே. ஒரு வேறுபாடு உண்டு. அன்று நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலையார் எழுந்து பேசினார். இன்று வாக்குகளால் வென்ற சிலர் வாய் திறப்பதில்லை.

மற்றொன்றையும் நம்மவர் பலர் அறியாதிருக்கின்றனர். தனி வார்டு நமக்கு உறுதியான குறைந்த அளவு, அதுவே எல்லையன்று. பொது வார்டிலும் நிற்க நமக்கு முழு உரிமை உண்டு. 21 வயது நிரம்பி, அந்நகரத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, சட்டம் கூறும் தகுதிக்கேடு எதுவும் இல்லையாயின் வேட்புமனுத் தாக்கல் செய்யலாம்.

வாக்குக் கேட்டு வரும் எவரிடமும், அவர் நம்மவராயினும் பிறராயினும், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் தெருவின் குடிநீர், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை பற்றி முதல் ஆண்டுக்குள் எத்தீர்மானத்தைக் கொண்டுவருவீர்? தூய்மைப் பணியாளரின் பாதுகாப்புக்கு என்ன செய்வீர்? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை உள்ளாட்சியின் தலையிலேயே ஏற்றியுள்ளது என்பதையும் எடுத்துக் கூறுங்கள். மூன்றாவது, வென்றபின் எந்நாளில், எவ்விடத்தில் எங்கள் முன் அமர்ந்து கணக்குச் சொல்வீர்?

கேட்பதற்குக் கல்வி வேண்டும். நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கூட்ட நிகழ்ச்சி நிரலைப் புரிந்துகொள்ள வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தீர்மான நகலை எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். இவை பட்டதாரிகளுக்கு அரியனவல்ல. நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் போட்டித் தேர்வுப் பாடங்களோடு இப்பயிற்சியும் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். பத்து இளைஞர்கள் ஒரு வார்டின் கணக்கைப் படிக்கத் தொடங்கினால், அடுத்த தேர்தலில் அவ்வார்டின் வேட்பாளர் அவர்களை அஞ்சிப் பேசுவார். அதற்கடுத்த தேர்தலில் அவர்களில் ஒருவரே வேட்பாளராவார்.

கல்விக்கெனத் தொடங்கிய நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளில் எழுத்தறிவித்தது, பட்டம் பெறச் செய்தது, பணியில் அமர்த்தியது. இனி வரும் ஆண்டுகளில் நகராட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் நம் பிள்ளைகளின் கையெழுத்து ஏற வேண்டும். அக்கையெழுத்து படித்துப் பார்த்து இட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும்.